காதில் சீழா? கவனம் தேவை!



யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் 1820இல் டொக்டர் ஜோன் ஸ்கடர் மேலை வைத்தியத்தைத் தொடங்கினார். இன்று காது, மூக்கு, தொண்டைக்கெனத் தனி நிபுணர்களே இருக்கிறார்கள். ஆயினும் பிள்ளையின் காதில் சீழ் வடிந்தால் நம்மில் பலர் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறோம்.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் செல்கிறது. குழந்தைகளுக்கு அது குட்டையானது. தடிமன் கிருமிகள் இலகுவில் காதை அடைந்துவிடும். சீழ் கட்டினால் செவிப்பறையில் துவாரம் விழலாம். கேள்வி குறையும், பேச்சும் படிப்பும் பின்தங்கும்.

எண்ணெய், கோழியிறகு, ஹேர்பின் எதுவும் வேண்டாம். உடனே டொக்டரிடம் காட்டுங்கள். யாழ். போதனா வைத்தியசாலையிலும் இதற்கெனப் பிரிவு உண்டு.

கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை அடிக்குமுன், அதற்குக் கேட்கிறதா என்று பாருங்கள். செவிப்புலன் அல்லாஹ் தந்த அமானிதம் அல்லவா!