வால்வை மாற்றும் முன் காதைக் காட்டுங்கள்

வால்வு வைத்த டி.ஏ.சி. பெட்டி வாங்கியவர்கள் ஆறு மாதம் போனால் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "கூட வந்த வால்வைக் கழற்றிவிட்டுப் பழைய இங்கிலீஷ் வால்வு ஒன்று போட்டால் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்குமாமே?" நம் வயதுக்காரர்கள் கூடும் இடத்தில் சர்க்கரை, முட்டிவலி, பென்ஷன் நிலுவை இவற்றோடு இப்போது இந்தப் பேச்சும் சேர்ந்துகொண்டது. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வால்வு மாற்றுவதில் தப்பில்லை. ஆனால் செலவுப் பட்டியலில் அது கடைசியில் வரவேண்டிய இனம். பலர் அதை முதல் இனமாக வைக்கிறார்கள்.

டி.ஏ.சி. பெட்டி என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1982இல் வந்த சி.டி.யில் தொடங்கி இன்று பென் டிரைவ், கம்ப்யூட்டர், போன் எல்லாவற்றிலும் பாட்டு எண்களாகத்தான் இருக்கிறது. சி.டி.யில் ஒரு விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த எண்களை மறுபடி மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பதுதான் இந்தப் பெட்டியின் வேலை. அதை விரல் நகம் அளவுள்ள ஒரு சிப் செய்கிறது. வால்வு அதில் தலையிடுவதே இல்லை. சிப் வேலையை முடித்த பிறகு, வெளியே போகும் வழியில் வால்வு நிற்கிறது. கோப்பில் கையெழுத்தெல்லாம் ஆன பிறகு தபால் பிரிவில் உறை போட்டு ஒட்டுகிறவரைப் போல. உறையை மாற்றினால் உள்ளே எழுதியிருப்பது திருந்திவிடாது.

இருந்தும் வால்வு மேல் நமக்கு ஏன் இவ்வளவு பிரியம்? நாங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் அதை 'லாம்ப்' என்போம். வீட்டு விளக்குக்கும் அதே சொல்தான். பொருத்தமான பெயர். விளக்கைப் போலவே கண்ணாடிக்குள் இழை சூடாகிச் சிவக்கும். 1904இல் ஃபிளெமிங் செய்தது இரண்டு முனை வால்வு. 1906இல் டி ஃபாரஸ்ட் மூன்றாவது முனையைச் சேர்த்தார். முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத் தந்திப் பிரிவுக்காக லியோன் நகரில் செய்த வால்வு நேச நாடுகளின் படைகளுக்கெல்லாம் போயிற்று. நம் நாட்டில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961 முதல் ஹாலந்து பிலிப்ஸோடு சேர்ந்து ரேடியோ வால்வு செய்தது. திருகிவிட்டு அரை நிமிடம் காத்திருந்தால் மெல்ல மெல்லக் குரல் எழும்பி வரும். இலங்கை வானொலியை அப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் அந்த இனிமைக்கு வால்வு மட்டும் காரணமில்லை. மீடியம் வேவில் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வந்து சேராது. கூர்மையான ஓசையெல்லாம் வழியிலேயே நின்றுவிடும். பெரிய காகித ஸ்பீக்கர், அதைச் சுற்றி நல்ல மரப்பெட்டி. எல்லாம் சேர்ந்துதான் அந்தக் குழைவு. இன்றைய பெட்டியில் ஒரு வால்வைச் செருகி அந்த ரேடியோவை வரவழைத்துவிட முடியாது.

விலை மலிவான பெட்டிகளைப் பற்றி இன்னொன்று. வால்வு உருப்படியாக வேலை செய்ய 100, 200 வோல்ட் வேண்டும். சின்ன அடாப்டரில் ஓடும் பல பெட்டிகளில் அதற்கு இருபது, முப்பது வோல்ட்தான் கிடைக்கிறது. சிலவற்றில் வால்வுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு எல்.இ.டி. விளக்கை வைத்துவிடுகிறார்கள். நாம் தணல் என்று நினைத்து மயங்குவது அந்த விளக்கைத்தான். அப்படிப்பட்ட பெட்டிக்கு விலையுயர்ந்த வால்வு வாங்குவது வீண்.

நல்ல பெட்டியில் வால்வு என்ன செய்கிறது? ஒலியைச் சற்றே திரிக்கிறது. பயப்பட வேண்டாம், அது கெட்ட திரிபு அல்ல. பெரும்பாலும் மேல் ஸ்தாயியை லேசாகக் கூட்டுகிறது. ஒருவர் சட்ஜம் பாடினால் மேல் சட்ஜமும் மெல்லக் கூடவே ஒலிக்கும். காதுக்குச் சுகமாக இருப்பது அதனால்தான். தம்பூராவில் தந்திக்கும் பாலத்துக்கும் நடுவில் ஜீவா நூல் வைக்கிறோமே, அதுவும் தந்தியில் துணை ஒலிகளை எழுப்பத்தான். அதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை. வால்வின் சுகமும் அப்படி ஒரு ருசி. ருசிக்காகச் செலவழிப்பது அவரவர் இஷ்டம். 'இப்போதுதான் உண்மையான ஒலி வந்தது' என்று சொல்லும்போதுதான் நான் ஒப்புக்கொள்வதில்லை.

புது வால்வு போட்டதும் நன்றாகக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில வால்வுகள் ஒலியைச் சற்று அதிகமாகப் பெருக்கும். கொஞ்சம் சத்தம் கூடினாலே நம் காது 'இதுதான் நல்லது' என்று தீர்ப்பு எழுதிவிடும். உங்கள் பெட்டியில் வால்வு வழியாகவும் வால்வு இல்லாமலும் கேட்க ஸ்விட்ச் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டிலும் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். வீட்டம்மாவையோ பேரனையோ சொல்லாமல் கொள்ளாமல் ஸ்விட்சை மாற்றச் சொல்லுங்கள். இருபது தடவையில் எத்தனை தடவை சரியாகச் சொன்னீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பாதிதான் சரி என்றால் பர்ஸை மூடி வைக்கலாம்.

வால்வை மாற்றியே ஆகவேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. வால்வுக்கு ஆயுள் சில ஆயிரம் மணி நேரம். ஒரு பக்கம் சத்தம் குறைந்தாலோ, சரசரவென்று இரைச்சல் வந்தாலோ அதன் காலம் முடிந்திருக்கலாம். இரண்டு வால்வு உள்ள பெட்டி என்றால் இடத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறையும் கூடவே பக்கம் மாறினால் வால்வுதான் குற்றவாளி. மாறாவிட்டால் வேறு எங்கோ கோளாறு. வாங்கும்போது எண்ணைச் சரிபாருங்கள். ஈ.சி.சி. 82ம் ஈ.சி.சி. 88ம் ஒரே ஒன்பது கால் சாக்கெட்டில் உட்காரும். ஆனால் இழையின் இணைப்பு வேறு, வோல்ட்டும் வேறாக இருக்கலாம். மாற்றிச் செருகினால் வால்வு போய்விடலாம். பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். பெரிய வோல்ட்டில் ஓடும் பெட்டியில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். நம் வயதில் அந்த அடி வேண்டாம்.

வால்வுக்கு அடுத்தபடி ஐ.சி. மாற்றச் சொல்வார்கள். 'சாதாரண 5532 போட்டிருக்கிறான்' என்று இளக்காரமாகப் பேசுவார்கள். எண்பதுகளிலிருந்து உலகமெங்கும் ஸ்டூடியோ மிக்ஸர்களில் அந்த ஐ.சி.தான் வரிசை வரிசையாக இருந்திருக்கிறது. நாம் உருகிக் கேட்கும் பல பாட்டு, பதிவாகும்போதே அதன் வழியாகத்தான் வந்திருக்கும்.

சரி, எதை முதலில் பார்ப்பது? நான் வைக்கும் வரிசை இது.

முதலில், கேட்கும் பதிவு. ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தவர். அவருடைய தோடி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 78 சுற்று இசைத்தட்டிலிருந்து. தட்டில் ஏறாத ஒன்றை எந்தப் பெட்டியும் திருப்பித் தராது. யாரோ யூட்யூபில் ஏற்றி, இன்னொருவர் இறக்கிச் சுருக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திட்டக் கூடாது. அலமாரியில் தூங்கும் அசல் சி.டி.யை எடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது, இரைச்சல். கம்ப்யூட்டரோடு இணைத்தால் 'உம்' என்று ஒரு ஓசை வருகிறதா? லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால் காரணம் எர்த் இணைப்பு, வால்வு அல்ல. நம் கடற்கரை ஊரில் உப்புக் காற்று வேறு. பின்னால் உள்ள பிளக்குகளில் களிம்பு பிடிக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கழற்றி, கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரால் துடைத்து மாட்டினாலே பாதி சரசரப்பு போய்விடும்.

மூன்றாவது, அறை. டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் என்றால் ஒலி எதிரொலித்துக் குழம்பும். ஒரு ஜமுக்காளம், கனமான திரை, புத்தக அலமாரி போதும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இழுத்து வையுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு சம முக்கோணமாக அமையட்டும். அதில் உள்ள சின்ன ஸ்பீக்கர் காது உயரத்தில் இருக்கட்டும். இதற்கெல்லாம் செலவு அதிகமில்லை, கொஞ்சம் நாற்காலி நகர்த்த வேண்டும்.

நான்காவது இனத்தைத்தான் யாரும் விரும்புவதில்லை. நம் காது. வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது மேல் ஓசைகளை. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் கால் பங்குக்கும் அதிகமானவர்களுக்கு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேள்விக் குறைவு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது மெதுவாக வருவதால் நமக்குத் தெரிவதில்லை. 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள்' என்கிறோம். 'வயலினில் பளபளப்பு இல்லை' என்கிறோம்.

என் நண்பர் ஒருவர், எனக்கு இரண்டு வயது மூத்தவர், மிருதங்கத்தில் சாப்பு மங்கலாகக் கேட்கிறது என்று இரண்டு ஜோடி வால்வு மாற்றினார். பிறகு சிப்பைக் குறை சொன்னார். கடைசியில் பெட்டியையே விற்கப் போனார். அந்தச் சமயத்தில் அவர் கச்சேரிக்குப் போவதையும் நிறுத்தியிருந்தார். எங்களோடு உட்கார்ந்தாலும் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார், சிரிக்க வேண்டிய இடத்தில் ஒரு கணம் பிந்திச் சிரிப்பார். மகள் வற்புறுத்தி ஈ.என்.டி. டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஒரு காதில் அழுக்கு அடைத்திருந்தது. அதை எடுத்த பிறகு பரிசோதித்தால் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இரண்டு காதிலும் கோடு சரிந்து இறங்குகிறது. எந்த லாம்ப் போட்டால் என்ன?

இப்போது கருவி மாட்டிக்கொண்டிருக்கிறார். முதல் வாரம் 'தம்பூரா நடுங்குகிறது, புல்லாங்குழல் கீச்சிடுகிறது' என்று கழற்றி வைத்துவிட்டார். காது கருவி பேச்சுக்காகச் செய்தது. நீண்டு ஒலிக்கும் சுருதியை இரைச்சல் என்றோ கீச்சொலி என்றோ நினைத்து அடக்கப் பார்க்கும். பல கருவிகளில் இசைக்கென்று தனி அமைப்பு உண்டு, கேட்டால் வைத்துக் கொடுப்பார்கள். அவருக்கும் வைத்துக் கொடுத்தார்கள். இளமைக் காது திரும்பி வரவில்லை, வரவும் வராது. ஆனால் சாப்பு கேட்கிறது. போன மாதம் எங்களோடு கச்சேரிக்கு வந்தார். அதைவிட முக்கியம், பேச்சில் குறுக்கே புகுந்து சண்டை போட ஆரம்பித்துவிட்டார்.

மூக்குக்கண்ணாடி போட வெட்கப்படாத நாம் காது கருவிக்கு மட்டும் ஏன் கூசுகிறோம் என்று எனக்குப் புரியவில்லை. பெரிய அரசு மருத்துவமனைகளின் ஈ.என்.டி. பிரிவில் இந்தப் பரிசோதனை நடக்கிறது. காதில் ஒன்றை மாட்டி ஒவ்வொரு ஓசையாகக் கொடுப்பார்கள், கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். முடிவில் ஒரு தாள் தருவார்கள். அந்தத் தாளைக் கொண்டுவந்து டி.ஏ.சி. பெட்டி மேல் வைத்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள். எந்த வால்வு வாங்கலாம் என்று அப்போது பேசுவோம்.