முப்பத்தாறாவதா வந்தா என்ன தப்பு?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா காரிமங்கலம். பெங்களூர்ல பொட்டி தட்டுற எல்லா தர்மபுரிக்காரனையும் போல வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ், திங்கக்கிழமை விடிகாலைல அதே ஹைவேல ரிட்டர்ன். ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது அப்பா ஆரம்பிச்சார்.

"உன் மச்சான் மறுபடியும் ரேஸுக்குப் போறானாம். போன தடவை எத்தனையாவது வந்தேன்னு கேட்டா பதினொண்ணுங்கறான். பதினொண்ணாவதா வர்றதுக்கு எதுக்குடா காசைக் கொண்டுபோய் மண்ணுல கொட்டணும்?"

மச்சான்னா மாமா பையன். என்னைவிட ரெண்டு வயசு பெரியவன். பைபாஸ் ஓரமா டூவீலர் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கான். ஒரு செகண்ட் ஹேண்ட் பைக்கை வாங்கி, ராத்திரி எல்லாம் அதைப் பிரிச்சு மாட்டி, வருஷத்துக்கு ரெண்டு மூணு டர்ட் ரேஸ் ஓட்டுறான். டீம் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது. மெக்கானிக்கும் அவனே, டிரைவரும் அவனே.

நான் ரசத்தை ஊத்திக்கிட்டு பேசாம இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "சந்தோஷ்கூட முப்பத்தாறாவதுதான்பா வந்தார்"னு சொல்லிட்டேன். "யாரு அந்த சந்தோஷு?"ன்னார். அம்மா நடுவுல பொரியல் வெச்சதுல பேச்சு அப்படியே நின்னுடுச்சு. அவர்கிட்ட சொல்லாம விட்டதை இங்க கொட்டுறேன்.

சி.எஸ். சந்தோஷ், பெங்களூர்க்காரர். நம்ம ஊர்ல இருந்து நூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான். மோட்டோகிராஸ்ல இங்க ஜெயிக்க வேண்டியதை எல்லாம் ஜெயிச்சுட்டு, பாலைவன ராலி பக்கம் போனார். 2013-ல் அபுதாபி டெசர்ட் சேலஞ்சில் பைக் தீப்பிடித்து உடம்பில் தீக்காயம். நானா இருந்தா அன்னிக்கே ஊருக்கு ஃப்ளைட் பிடிச்சிருப்பேன். அவர் 2015 ஜனவரியில் டக்கார் ராலிக்குப் போய் நின்னார். எந்த பைக் கம்பெனியோட சொந்த டீமிலும் இல்லை. தனியார் போட்டியாளரா, ஒரு கேடிஎம் 450-ல. டக்காரை ஓட்டி முடிச்ச முதல் இந்தியர் அவர்தான். இடம்: 36.

இந்த 36-ங்கற நம்பரைக் கொஞ்சம் பிரிச்சுப் பாப்போம். அந்த வருஷம் பாதை அர்ஜென்டினாவில் ஆரம்பிச்சு, சிலி, பொலிவியா போய், திரும்ப அர்ஜென்டினா. ரெண்டு வாரம், 9,000 கிலோமீட்டருக்கு மேல். ஜிபிஎஸ் பார்த்து வழி தேட முடியாது. அப்போ கையில் இருந்தது ரோட்புக்னு ஒரு காகிதச் சுருள், அதில் அம்புக்குறியும் தூரமும்தான். வேகமா ஓட்டிக்கிட்டே அதை உருட்டி உருட்டிப் படிக்க வேண்டியிருந்தது. தப்பாப் படிச்சா எங்கேயோ ஒரு மணல்மேட்டில் தனியா நிக்க வேண்டியதுதான். நடுவில் பொலிவியாவில் ஊயூனி உப்புப் பாலைவனம், கடல் மட்டத்தில் இருந்து 3,600 மீட்டருக்கு மேலே. மழை பெய்து உப்புத் தண்ணி தேங்கி நின்ன அந்த வெளியில்தான் ஓட்டினாங்க. உப்பு ஒயரிங்குக்குள்ள போய்ப் பல பைக் செத்துப் போச்சு. ஹோண்டா கம்பெனியோட நட்சத்திர வீரர் ஜோன் பரேடாவின் பைக்கே நின்னு போய் இழுத்துட்டு வர வேண்டியதாச்சு. கிளம்பின பைக்குகளில் கிட்டத்தட்ட பாதி ஊர் வந்து சேரலை. அதில் 36!

இதே ராலியில் கம்பெனி டீம் எப்படி ஓடும்னு தெரிஞ்சாதான் வித்தியாசம் புரியும். ராத்திரி முகாமுக்கு வந்ததும் பைக்கை மெக்கானிக்குங்க கையில் குடுத்துட்டு வீரர் மசாஜுக்குப் போகலாம். இன்னும் ஒரு சமாச்சாரம் உண்டு: டீமோட முதல் வீரருக்குப் பின்னால இன்னொருத்தர் ஓட்டுவார். முன்னாடி போறவர் பைக்கில் ஏதாவது போச்சுன்னா, தன் பைக்கில் இருந்து சக்கரத்தைக்கூடக் கழட்டிக் குடுக்கணும். 'வாட்டர் கேரியர்'னு செல்லப் பேர் வேற. தனியாப் போறவனுக்கு இது எதுவும் இல்லை. விழுந்தா பைக் உடையும், உடைஞ்சா கைக்காசு போகும். அதனால அவன் முழு வேகத்தில் ஓட்டவே மாட்டான், ஓட்டவும் கூடாது. ஜெயிக்க ஓட்டுறது ஒரு கணக்கு, வந்து சேர ஓட்டுறது வேற கணக்கு. ரெண்டுக்கும் ஒரே ரேங்க் லிஸ்ட் போட்டு "எத்தனையாவது?"ன்னு கேட்டா என்னத்தைச் சொல்றது?

கம்பெனி வந்தப்புறம் என்ன ஆச்சுன்னும் பாருங்க. 2017-ல் ஹீரோ டீம் டக்காருக்குள்ள வந்தது, சந்தோஷ் அதில் சேர்ந்தார். அந்த வருஷம் 47-ஆவது இடம். 2018-ல் 34. அதாவது மெக்கானிக், லாரி, ஸ்பேர் எல்லாம் வந்த பிறகும் நம்பர் பெரிசா மாறிடலை. பின்ன கம்பெனி என்னதான் குடுத்தது? என் அபிப்பிராயம், அது குடுத்தது அடுத்த வருஷத்தை. தனியார் ஆளுக்கு ஒவ்வொரு ராலியும் கடைசி ராலியா இருக்கலாம். அடுத்த தடவை ஸ்டார்ட் லைன்ல நிப்போமான்னு தெரியாமலே ஓட்டுறவன் அவன். அவனோட கேரியரை எத்தனை தடவை திரும்பி வந்து நின்னான்னு பாத்துதான் அளக்கணும்.

இதில் நம்ம பக்கத்துக் கதை ஒண்ணும் உண்டு. அதே 2015 டக்கார்லதான் ஓசூர் டிவிஎஸ், பிரான்ஸின் ஷெர்கோவோட சேர்ந்து முதல்முறையா களமிறங்கியது. (ஓசூர் 2004 வரைக்கும் எங்க தர்மபுரி மாவட்டம்தான், அந்தப் பெருமையை நாங்க விட்டுக் குடுக்கறதா இல்லை :-)) இந்தியக் கம்பெனி பேர் போட்ட பைக்கில் வெளிநாட்டு வீரர்கள். இந்திய வீரர் ஆஸ்திரியா பைக்கில், தனியா. கம்பெனியைக் குறை சொல்லலை. முதல் வருஷம் அனுபவஸ்தனைத்தான் ஏத்துவாங்க. நான் பாஸா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். ஆனா 2024-ல் கேரளா ஷொரணூர் பையன் ஹரித் நோவா அதே ஷெர்கோ டிவிஎஸ் பைக்கில் ஒட்டுமொத்தமா 11-ஆவது வந்து ராலி 2 பிரிவையே ஜெயிச்சப்போ, எனக்கு அந்த 36 ஞாபகத்துக்கு வந்தது. இந்தியனாலும் இதை முடிக்க முடியும்னு ஒருத்தர் முடிச்சுக் காட்டினப்புறம்தானே மத்த கதை எல்லாம்?

நம்மாளுங்களுக்கு இது புதுசும் இல்லை. கென்யாவில் பிறந்த பஞ்சாபி ஜோகிந்தர் சிங், தம்பி ஜஸ்வந்தைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு, ஏற்கெனவே ஓட்டித் தேய்ஞ்ச ஒரு வோல்வோவில் 1965 சஃபாரி ராலியை ஜெயிச்சார். அதுக்கப்புறம் மிட்சுபிஷி காரில் 1974, 1976-ன்னு இன்னும் ரெண்டு தடவை. ஆனா அவர் ஜெயிச்சதால பேசுறோம். ஜெயிக்காம இருந்திருந்தா?

சரி, அப்பா பக்கமும் நியாயம் இருக்கு. அதை மறைச்சா நான் பொய்யன். 2020 டக்காரில் ஹீரோ டீமின் பாவ்லோ கொன்சால்வஸ் இறந்து போனார், டீமே போட்டியை விட்டு விலகிடுச்சு. 2021 ஜனவரியில் சவுதியில் சந்தோஷே விழுந்து தலையில் அடிபட்டு, டாக்டர்கள் அவரைச் செயற்கைக் கோமாவில் வெச்சிருந்தாங்க. அந்த நியூஸை ஆபீஸ்ல படிச்சப்போ எனக்குக் கை நடுங்கினது நிஜம். பிழைச்சு ஊர் திரும்பினார். அவர் கோலார் பக்கத்தில் ஆரம்பிச்ச பிக்ராக் டர்ட் பார்க்கில் சின்னப் பசங்க முறையா ஓட்டக் கத்துக்கறாங்க. மச்சானுக்கு அப்படிக் கத்துக் குடுத்தவங்க யாரும் இல்லை. அவன் கத்துக்கிட்டது எல்லாம் ஏரிக்கரை மண்ணுலதான்.

திங்கக்கிழமை பஸ் ஏத்திவிட வந்தவன் மெதுவா ஆரம்பிச்சான். "மாப்ள, ஒரு முப்பதாயிரம் இருக்குமா? அடுத்த ரேஸ் என்ட்ரி, டயர்... சீசன் முடிஞ்சதும் தந்துடறேன்." வருஷா வருஷம் அப்ரைசல்ல எனக்கு நாலுல மூணு ரேட்டிங் போட்டு அனுப்புறாங்க, அதுக்கே ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டுப் போறவன் நான். இவனைப் பாத்து எத்தனையாவது வருவேன்னு கேக்க எனக்கு என்ன யோக்கியதை?

பெங்களூர் வந்ததும் அனுப்பிட்டேன். ஒரே கண்டிஷன்: முதல்ல கழுத்துக்குப் போடற ப்ரேஸ் வாங்கணும், பில்லை போட்டோ எடுத்து அனுப்பணும். ரெண்டு நாள் கழிச்சு போட்டோ வந்தது. திறந்து பாத்தா பின் டயர். கீழே, "ப்ரேஸ் அடுத்த மாசம் மாப்ள, கோச்சுக்காத." இப்போ போன் எடுக்க மாட்டேங்கறான். அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய் அந்த டயரைக் கழட்டி வெச்சுக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.