எது சார் ஒரிஜினல்?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம், மன்னிச்சுக்கோங்க மக்களே. இன்னிக்கு என்னை எழுத உக்கார வெச்சது ஒரு மனுஷன் கேட்ட ஒரே ஒரு கேள்வி.

போன ஞாயித்துக்கிழமை காலையில, ஈஜிபுராவுல எங்க வீட்டு வாசல்ல அப்பாவோட புல்லட்டைத் துடைச்சிக்கிட்டு இருந்தேன். 1983 மாடல், 350 சிசி. அப்பா மின்வாரியத்துல வேலை பார்த்தப்போ திருநெல்வேலியில புதுசா எடுத்தது. அம்பாசமுத்திரம், பாபநாசம், கல்லிடைக்குறிச்சின்னு லைன் பார்க்கப் போனதெல்லாம் இதுலதான். முட்டிவலி வந்ததும் "நீ எடுத்துட்டுப் போயிருல, இங்க நிறுத்திப் போட்டா செத்துரும்"னு சொல்லிட்டாரு. பெட்ரோலை வடிச்சு, சாக்கைச் சுத்தி, நாகர்கோவில் - பெங்களூரு எக்ஸ்பிரஸ்ல பார்சலா ஏத்திக் கொண்டாந்தேன்.

தெருவுல போன ஒருத்தர் காரை ஓரங்கட்டிட்டு இறங்கி வந்தார். பழைய வண்டிகளைச் சேகரிக்கிறவராம். மரியாதையான மனுஷன். குனிஞ்சு இஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் எல்லாம் பார்த்தார். நான் மனசுல நினைச்சு வெச்சிருந்ததைவிட ரெண்டு மடங்கு விலை சொன்னார். கதவுக்குப் பின்னால நின்ன தங்கமணி, "குடுத்துருங்க"ன்னு கண்ணாலயே சொல்றாங்க (பார்க்கிங் பிரச்சினை, அவங்களையும் தப்பு சொல்ல முடியாது). அப்புறம் அவரு ஒரு பெருமூச்சு விட்டுட்டுக் கேட்டார்: "ஏன் சார், இதை ஒரிஜினலா வெச்சிருக்கக் கூடாதா?"

அவர் சொன்ன பட்டியல் இது. ஆறு வோல்ட்டை பன்னிரண்டு வோல்ட்டா மாத்தியிருக்கு. சிலிண்டர், ஹெட் ரெண்டும் பின்னால வந்த வண்டியோடது. சீட்டு தென்காசியில தைச்சது. எல்லாத்துக்கும் மேல, இடது பக்கம் டூல்ஸ் வைக்க அப்பா ஃபிரேம்லயே கொக்கி வெல்டு வெச்சு மாட்டின இரும்புப் பெட்டி. "இதையெல்லாம் அறுத்து எடுத்துட்டு, ஃபாக்டரியில இருந்து வந்த மாதிரியே பண்ணிடலாம் சார்"னார். ஃபோன் நம்பரைக் குடுத்துட்டுக் கிளம்பிட்டார்.

அவர் போனப்புறம் யோசிச்சேன். எது சார் ஒரிஜினல்?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துல ரெட்டிச்ங்கிற ஊர்க் கம்பெனி. நம்ம ராணுவத்துக்கு 350 சிசி புல்லட்டை எடுக்க முடிவானதும், அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல ஃபாக்டரி. முதல்ல அங்கேருந்து வந்த பாகங்களை இங்க பூட்டினாங்க, கொஞ்ச வருஷத்துல எல்லாத்தையும் இங்கேயே செஞ்சாங்க. 1967-ல ரெட்டிச் ஃபாக்டரியை மூடிட்டாங்க. 1970-ஓட இங்கிலாந்துல உற்பத்தியே நின்னு போச்சு. திருவொற்றியூர்ல மட்டும் நிக்கலை. 1977-ல நம்ம ஆளுங்க புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ண ஆரம்பிச்சாங்க. திருநெல்வேலிக்கே அல்வா விக்கிற கதைதான், ஆனா வித்துச்சு :-)

அப்படின்னா 1983-ல பொறந்த என் வண்டி எந்த ஊரு? பேரு இங்கிலாந்து, டிசைன் இங்கிலாந்து. கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்குங்கிற பழக்கமும் அங்கேருந்து வந்ததுதான். ஆனா இரும்பை வார்த்தது, பூட்டினது, நாப்பது வருஷம் ஓட வெச்சது எல்லாம் நம்ம ஆளுங்க.

இது புல்லட் கதை மட்டுமில்லை. டிரையம்ப் ஹெரால்டு 1959-ல இங்கிலாந்துல வந்துச்சு. 1961-ல இருந்து சென்னைக்குத் தெக்க வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி அதை ஸ்டாண்டர்ட் ஹெரால்டுன்னு செஞ்சாங்க. இங்கிலாந்து ஹெரால்டுக்குக் கடைசி வரைக்கும் ரெண்டு கதவுதான். அம்மா, பாட்டி, மூணு பிள்ளைகன்னு நம்ம ஊர்க் குடும்பம் முன் சீட்டை மடிச்சு மடிச்சுப் பின்னால ஏற முடியுமா? நம்மாளுங்க அதுக்கு நாலு கதவு வெச்சாங்க. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு நம்ம அம்பாசடர் ஆச்சு. கல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவுல 2014 வரைக்கும் ஓட்டினாங்க. நடுவுல ஜப்பான்காரன் இஞ்சின்கூட அதுக்குள்ள போச்சு.

ஆகாயத்துலயும் இதே கதைதான். எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா எச்ஏஎல் பக்கம் பறக்குற விமானங்க தெரியும். 1956-ல லைசன்ஸ் வாங்கி அங்க செஞ்சதுதான் ஃபாலண்ட் நாட்ங்கிற குட்டிப் போர் விமானம். இங்கிலாந்து விமானப்படை அதோட ரெண்டு சீட்டு பயிற்சி விமானத்தை மட்டும் எடுத்துக்கிச்சு, ஒத்தை சீட்டு போர் விமானத்தை எடுத்துக்கலை. அதை நம்பி நிறைய வாங்கினது நாமதான். 1965 சண்டையில பேர் வாங்கிச்சு. 1971 டிசம்பர்ல நிர்மல்ஜித் சிங் செகோன் ஸ்ரீநகர்ல பறந்ததும் இதுலதான், அவருக்கு பரம்வீர் சக்ரா. ஆனா நாட்டுக்குக் குறைகளும் இருந்துச்சு. அதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சரி பண்ணி, எரிபொருள் தொட்டியை இறக்கைக்குள்ளயே வெச்சு, எச்ஏஎல் ஆளுங்க அஜீத்ங்கிற விமானத்தைக் கொண்டாந்தாங்க. அந்த இஞ்சினியர் யாரும் "ஐயோ, ஒரிஜினல் கெட்டுப் போச்சே"ன்னு அழுதிருக்க மாட்டாங்க.

ரயிலுக்கும் வருவோம். 1855-ல இங்கிலாந்து லீட்ஸ்ல செஞ்ச ஈஐஆர் 21 நீராவி இஞ்சினை, ஜமால்பூர்ல காட்சிப் பொருளா நின்னதைக் கொண்டாந்து, பெரம்பூர் லோகோ பணிமனையில சரி பண்ணி 2010-ல ஓட வெச்சாங்க. அத்தனை வருஷம் சும்மா நின்ன இஞ்சின் புதுப் பாகம் போடாமலா ஓடியிருக்கும்? ஆனா அது ஓடுறதைப் பார்த்த சின்னப் பசங்க முகத்துல வந்த சந்தோஷம், மேடையில நின்னப்போ வந்திருக்காது.

இப்ப மேட்டருக்கு வருவோம். 2021 ஜூலையில மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி கொண்டாந்துச்சு. நல்ல விஷயம்தான், வரவேற்கிறேன். அம்பது வருஷம் தாண்டின ரெண்டு சக்கர, நாலு சக்கர வண்டிக்குத் தனி அந்தஸ்து. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஆனா ரெண்டு கண்டிஷன். ஒண்ணு, வண்டி ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும். ஃபிரேம், பாடி, இஞ்சின் இதுல பெரிய மாற்றம் கூடாது. ரெண்டு, வழக்கமான உபயோகத்துக்கு ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இதுக்கு மட்டும் எடுக்கலாம்.

என் வண்டிக்கு அம்பது வயசு ஆக 2033 வரணும். அதுவரைக்கும் அது வெறும் பழைய வண்டி. பதினஞ்சு வருஷம் தாண்டிட்டதால அஞ்சு வருஷத்துக்கொரு தடவை பரிசோதனை, புதுப்பிப்பு. அதுக்கான கட்டணம் பைக்குக்கு 300 ரூபாயா இருந்துச்சு, 2022 ஏப்ரல்ல 1,000 ஆச்சு, இருபது வருஷம் தாண்டின பைக்குக்கு 2025-ல 2,000 ஆச்சு. கட்டுறதுல எனக்கு வருத்தமில்லை. அம்பது வயசு வந்தப்புறமும், அப்பா வெச்ச கொக்கியால அந்த அந்தஸ்து கிடைக்குமாங்கிறது சந்தேகம். கிடைச்சா தினமும் ஓட்ட முடியாது.

சுருக்கமாச் சொன்னா, மரியாதை வேணும்னா ஓடக்கூடாது. ஓடணும்னா மரியாதை கிடையாது. இதைத்தான் நான் தப்புங்கிறேன்.

அந்த வண்டிங்க பொறந்த இங்கிலாந்துலயே பாருங்க. நாப்பது வருஷம் தாண்டினா வரலாற்று வண்டி. சாலை வரி கிடையாது. பெரிய மாற்றம் இல்லாட்டி 2018 மே மாசத்துல இருந்து வருஷாந்திரப் பரிசோதனையும் கட்டாயமில்லை. அதுல ஏறி கடைக்குப் போய் பால் வாங்கிட்டு வந்தாலும் யாரும் கேக்கப் போறதில்லை. நான் அவ்வளவு சலுகை கேக்கலை. பரிசோதனையே வேண்டாம்னு சொன்னா நானே ஒத்துக்க மாட்டேன். பிரேக் பிடிக்காத வண்டி பழசா இருந்தா என்ன, புதுசா இருந்தா என்ன?

புகை விஷயமும் நியாயமான கேள்வி. என் வண்டி புது வண்டிகளைவிடப் புகை விடும், மறுக்கலை. ஈஜிபுரா மெயின் ரோட்டுல, 2017-ல ஆரம்பிச்ச மேம்பாலத்தோட தூணுங்களுக்கு நடுவுல வருஷக்கணக்கா ஊர்ந்தவன் நான், அந்தக் காத்து எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியும். அதனால வாரத்துல ரெண்டு நாள்தான் எடுக்கிறேன். நான் கேக்கிறது இதுதான்: வருஷத்துக்கொரு தடவை கறாரா சோதிங்க, வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான்னு வேணும்னா அளவு வைங்க, தேறலைன்னா நிறுத்துங்க. தேறினா ஓட விடுங்க. அதுல பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இருக்கு, அப்பா வெச்ச பெட்டி இருக்குன்னு ஒதுக்காதீங்க.

ஏன் ஓடணும்னா, அதுக்குப் பதில் விவேக்நகர் பக்கம் ஒரு தகர ஷெட்டுல இருக்கு. மெக்கானிக் பாய் வாணியம்பாடிக்காரர், பெங்களூருக்கு வந்து முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. காயிலை டேப்பெட் சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிக்கிற டாக்டரை நீங்க பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன். வண்டி தெருமுனை திரும்பும்போதே "எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் டைட்டு தம்பி"ம்பார். எனக்குக் கிக்கர் அடிக்கக் கத்துக்குடுத்ததும் அவர்தான். டீகம்ப்ரசரைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா மிதிச்சு, ஆம்பியர் முள்ளு நடுவுக்கு வந்ததும் கொஞ்சம் தாண்டவிட்டு, அப்புறம் ஒரே மிதி. அவசரப்பட்டா கணுக்காலைப் பதம் பார்த்துரும்.

அவர் ஷெட்டு இருக்கிற இடத்துல பிஜி கட்டப் போறாங்களாம். பையன் டெலிவரி வேலைக்குப் போறான், இந்தத் தொழில் வேண்டாம்னுட்டான். சேகரிக்கிறவர் வந்துட்டுப் போன கதையைச் சொன்னேன். ஸ்பேனரைத் துடைச்சிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தார்.

"குடுத்துட்டீங்களா?"

"இல்ல பாய், யோசிக்கிறேன்."

"காசு வேணும்னா குடுங்க, தப்பில்லை. ஆனா ஒண்ணு தம்பி. அங்க போனா பளபளன்னு நிக்கும். நிக்கிற வண்டிக்கு என்னா வேலை வரும்? என்கிட்ட வேலை கத்துக்க வந்த பசங்க எல்லாம் ஓடுற வண்டியிலதான் கத்துக்கிட்டாங்க."

இதைவிடத் தெளிவா எனக்குச் சொல்லத் தெரியலை. வண்டியைக் காப்பாத்துறோம்னு சொல்லி அதைப் பூட்டி வெச்சா, வண்டி மிஞ்சும், அதை ஓட வைக்கத் தெரிஞ்ச கை மிஞ்சாது. அந்தக் கை போயிட்டா அப்புறம் அது வெறும் இரும்புதான். ரெட்டிச்ல நின்னு போனது திருவொற்றியூர்ல பொழைச்சதே இந்த மாதிரிக் கைங்க இருந்ததாலதானே?

இன்னொண்ணும் சொல்லிடறேன். பன்னிரண்டு மாசத்துக்கு மேல இங்க வெச்சிருந்தா இங்கயே மறுபதிவு பண்ணணும்ங்கிறதால, முறைப்படி வரி கட்டி கேஏ நம்பர் வாங்கிட்டேன். ஆக நம்பர் பிளேட்டும் ஒரிஜினல் இல்லை. ஓட்டுறவனும் இல்லை. பதினாறு வருஷத்துல என் பேச்சுல கன்னடம் கலந்துருச்சு, ஊருக்குப் போனா "என்னடே ஒரு மாதிரி பேசுத"ன்னு சிரிக்காங்க. போன இடத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் மாறி ஓடிக்கிட்டு இருக்கோம், நானும் வண்டியும். மாறினதால ஊர் இல்லாமப் போயிருமா?

ராத்திரி அப்பாகிட்ட ஃபோன்ல விஷயத்தைச் சொன்னேன். விலையைக் கேட்டதும் ஒரு நிமிஷம் பேச்சே வரலை. அப்புறம், "பெட்டியை அறுக்கணும்னா சொன்னான்?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். "அதுல ஒரு பத்து-பன்னிரண்டு ஸ்பேனர் கிடக்கும், எண்ணெய் போட்டு வையி"ன்னுட்டு ஃபோனை வெச்சுட்டாரு.

சேகரிக்கிறவருக்கு மறுநாளே "இல்லை சார், ஓட்டப் போறேன்"னு சொல்லிட்டேன். தங்கமணி ரெண்டு நாள் பேசலை. பாய் வேற இடம் பார்த்துக்கிட்டு இருக்கார். ஈஜிபுரா, விவேக்நகர், ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு வண்டி நிறுத்துற அளவுக்குச் சின்ன ஷெட்டு வாடகைக்கு இருந்தா யாராவது சொல்லுங்கப்பு.

டிஸ்கி: விண்டேஜ் பேரணிக்குப் போறவங்க யாரையும் நான் குறை சொல்லலை. அவங்க இல்லாட்டி எத்தனையோ வண்டி எடைக்குப் போயிருக்கும். அவங்களுக்குக் கிடைச்ச அந்தஸ்துல கொஞ்சம், தினமும் ஓடிக்கிட்டு இருக்கிற கிழடுகளுக்கும் குடுங்கன்னுதான் கேக்கிறேன்.