தலைக்கு எவ்வளவு?

குடும்ப வாட்ஸாப் குரூப்பில் 'காலாண்டு லீவுக்கு ஆலப்புழை போவோமா?' என்று அண்ணன் போட்ட ஆறாவது நிமிஷம் சித்தப்பாவிடமிருந்து பதில் வந்தது: "தலைக்கு எவ்ளோ?" எத்தனை நாள், எந்தப் படகு, யார் யார் வருகிறார்கள், அப்பத்தாவால் பலகையில் கால் வைத்து ஏற முடியுமா, எதுவும் கேட்கவில்லை. தமிழ்க் குடும்பங்கள் ஊர்சுற்றக் கிளம்பும்போது கேட்கும் முதல் கேள்வி இதுதான். பல குடும்பங்களில் கடைசிக் கேள்வியும் இதுதான். இந்தக் கேள்வி ஆளைக் கொல்லும் என்கிறேன். மிகையாகத் தெரிந்தால் கொஞ்சம் பொறுங்கள், கணக்கோடுதான் வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் பள்ளத்தூர், காரைக்குடிக்குப் பக்கம். ஆறு கிடையாது. தண்ணீர் என்றால் ஊருணி, அதிலும் குடிதண்ணி ஊருணியில் கால் நனைத்தால் முதுகில் விழும். இந்த ஊரிலிருந்துதான் ஒரு தலைமுறை கப்பலேறி பர்மா போனது. முருகப்பா குழுமத்தின் தொடக்கமே 1900-ல் ஒரு பள்ளத்தூர்க்காரர் மௌல்மீனில் தொடங்கிய வட்டித்தொழில். எங்கள் வீடு அந்த உயரத்தில் இல்லை. தாத்தா உள்ளூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கு எழுதியவர், அவ்வளவுதான். ஆக, நீச்சல் தெரியாத, கணக்குத் தெரிந்த பரம்பரை. அந்தப் பரம்பரையில் சாஃப்ட்வேர் படித்த ஒருத்தன் இருந்தால் டூர் பட்ஜெட் யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எக்செல் ஷீட் போட்டேன். மூன்று குடும்பம், கூட அப்பத்தா, மொத்தம் 11 பேர். மூன்று படுக்கையறை கெட்டுவள்ளம், வார நாள் ரேட் 24,000. டெம்போ டிராவலர் போக வர 700 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 22 ரூபாய் வீதம் 15,400. டிரைவர் பேட்டா மூன்று நாளைக்கு 1,800. பர்மிட், டோல் 3,000. போகும்போது குமுளியில் ஒரு ராத்திரி நான்கு ரூம் 6,000. வழிச் சாப்பாடு 4,800. கூட்டினால் சரியாக 55,000. தலைக்கு 5,000.

"அஞ்சாயிரமா?" என்றார் சித்தப்பா. அவர் ஏழை இல்லை. ஆனால் அந்த எண் அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்: "ஒங்க அத்தை வீட்டையும் சேத்துக்க. தலைக்கு கொறையும்ல?"

குறைந்தது. அத்தை, மாமா, மச்சான், அவன் மனைவி, கைக்குழந்தை என்று ஐந்து பேர் சேர்ந்தார்கள். எக்ஸ்ட்ரா பெட்டுக்கு 4,000, சாப்பாட்டுக்கு 2,000 கூடி மொத்தம் 61,000. பதினாறால் வகுத்தால் 3,812 ரூபாய் 50 காசு. குரூப்பில் கைதட்டல் பொம்மைகள் பறந்தன. எனக்கும் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

வகுத்தலில் கீழே இருக்கும் எண் பெருகினால் விடை சிறுக்கும். ஐந்தாம் வகுப்புப் பாடம். 'தலைக்கு எவ்வளவு' என்று கேட்ட நொடியிலேயே, இன்னொரு ஆளை ஏற்றுவது எல்லோருக்கும் லாபம் என்றாகிவிடுகிறது. ஏற்றாதே என்று சொல்ல அந்தக் கணக்கில் ஒருவருக்கும் காரணமில்லை. வீட்டில் செய்யும் கல்யாண விருந்துக்கு இது பொருந்தும், சாம்பாரில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். படகுக்குப் பொருந்தாது. படகுக்கு ஒரு எண் இருக்கிறது. அதைத் தண்ணீர் முடிவு செய்கிறது, சித்தப்பா இல்லை.

2023 மே 7, மலப்புறம் மாவட்டம் தானூர். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகு. 22 பேர் ஏறவேண்டியதில் 37 பேர் ஏறியிருந்ததாகச் செய்திகள் வந்தன. இறந்தவர்கள் 22 பேர், அதில் 11 பேர் ஒரே குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பள்ளி விடுமுறை, சொந்தக்காரர்கள் கூடியிருக்கிறார்கள், 'எல்லாரும் ஒண்ணாப் போவோம்' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த ஆளை நான் பார்த்ததில்லை, ஆனால் எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.

கேரளா என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், அதிலும் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் உறவுக்காரர்கள். 2009 செப்டம்பர் 30 தேக்கடி, ஜலகன்னிகா என்ற படகு, 45 பேர், நிறைய தமிழ்நாட்டுக்காரர்கள். கரையில் விலங்கு தெரிகிறது என்று கூட்டம் ஒரு பக்கம் நகர்ந்ததாக அப்போது சொன்னார்கள். அந்தப் படகுத்துறை நாங்கள் ரூம் போட்ட குமுளியிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். ராத்திரி பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னேன். "நல்ல நேரத்துல நல்லதப் பேசு" என்றாள் அத்தை.

திரும்பவும் படகுக்கு வருகிறேன். முதலில் பேசியிருந்த படகுக்காரரிடம் 16 பேர் என்று போனில் சொன்னதும், "மூணு ரூமுக்கு பன்னெண்டுக்கு மேல ஏத்த மாட்டேன் சார், ரெண்டு போட் எடுங்க" என்றார். சரளமான தமிழ், மரியாதையான குரல். எங்கள் குரூப்பில் அவருக்குக் கிடைத்த பட்டம் 'திமிரு பிடிச்சவன்'. எங்கள் உயிரைப் பற்றி அந்த ஒரு வாரத்தில் யோசித்த ஒரே மனுஷன் அவர்தான், அவரைத்தான் திட்டினோம். அப்புறம் படகுத்துறைப் பக்கம் ஒரு புரோக்கர் நம்பர் கிடைத்தது. அவர் சொன்ன ஒரே வாக்கியம்: "அட்ஜஸ்ட் பண்ணலாம் சார்."

அட்ஜஸ்ட் என்பது இன்றைக்குச் சுத்தமான தமிழ்ச்சொல். ரயில் பெர்த்தில் நாலாவது ஆளாக உட்காருவதற்கும், ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் தொங்குவதற்கும், பள்ளிக்கூட வேனில் ஒருவர் மடியில் ஒருவர் போவதற்கும் அதுதான் சொல். அதில் ஒரு அன்பு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்கிற அன்பு. ஆனால் அந்த அன்புக்கான விலையைக் கொடுக்க மனசில்லாதபோதுதான் அட்ஜஸ்ட் பிறக்கிறது. அத்தை வரவேண்டும், ஆனால் அத்தைக்கு இன்னொரு படகு எடுக்கமாட்டோம். இதைப் பாசம் என்று என்னால் இனி எழுத முடியாது.

படகில் ஏறிய அரைமணி நேரத்தில் என் மகள் ஒரு வேலை செய்தாள். ஆறு வயது, எதைப் பார்த்தாலும் எண்ணுகிற வயது. கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் கிடந்த லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணினாள். பத்து. பிறகு எங்களை எண்ணினாள். "அப்பா, ஆறு பேருக்கு இல்ல." ஒன்றை எடுத்து அவளுக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியவர்கள் சைஸ், தலைவழியாகக் கழன்று வந்தது. பதினாறு பேரில் நீச்சல் தெரிந்தவர் சித்தப்பா ஒருத்தர், அதுவும் முப்பது வருஷத்துக்கு முன்னால் கிணற்றில்.

மூன்றரை மணிக்கு நீர்க்காகம் ஒன்று வாயில் மீனோடு தண்ணீரிலிருந்து எழுந்தது. மேல்தளத்தில் இருந்த அத்தனை பேரும் செல்போனோடு இடது பக்கம் ஓடினோம். கீழிருந்து படகோட்டி மலையாளத்தில் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. பிரிந்து நின்றோம். ஒன்றும் ஆகவில்லை.

இந்த 'ஒன்றும் ஆகவில்லை' இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய எதிரி. ஊர் திரும்பியதும் சித்தப்பா சொன்னார்: "என்னமோ பயமுறுத்துன, ஒண்ணும் ஆகலயே." நான் வேலை பார்க்கும் துறையில், ஒரு புரோகிராம் நூறு தடவை ஓடியதால் அதில் பிழை இல்லை என்று எவனாவது சொன்னால் சிரிப்போம். நூறு தடவையும் ஒரே மாதிரி நல்ல நாளாக இருந்திருக்கலாம். காற்று இல்லாத நாள், எதிரே பெரிய படகு வராத நாள். தானூர்ப் படகும் அதற்கு முந்தைய சவாரிகளில் கரைக்குத் திரும்பி வந்ததுதான்.

'நீ சம்பாதிக்கிற, பேசுற' என்று மச்சான் கேட்டான். நியாயமான கேள்வி, அதனால் கணக்கிலேயே பதில் சொல்கிறேன். இரண்டாவதாக ஒரு சின்னப் படகு 16,000, கூடுதல் சாப்பாடு 2,000, குமுளியில் இன்னும் இரண்டு ரூம் 3,000. எக்ஸ்ட்ரா பெட் வேண்டாம். மொத்தம் 76,000. நாங்கள் செலவழித்தது 61,000. வித்தியாசம் 15,000, நான்கு குடும்பத்துக்குப் பிரித்தால் குடும்பத்துக்கு 3,750. சித்தி தீபாவளிக்கு எடுத்த சேலை அதைவிட அதிகம். பதினாறு பேரின் உயிரை நாங்கள் வைத்துச் சூதாடியது இந்தத் தொகைக்குத்தான்.

அதுகூட இல்லாத குடும்பங்களுக்கு வழி இருக்கிறது. ராத்திரி தங்குவதை விட்டுவிடுங்கள். கெட்டுவள்ளம் மதியம் பன்னிரண்டு வாக்கில் கிளம்பும், ஐந்தரைக்குக் கரையில் கட்டிவிடுவார்கள், இருட்டினால் மீன்காரர்கள் வலை போடும் நேரம். விடிந்து கொஞ்ச நேரம் ஓட்டி ஒன்பது மணிக்கு இறக்கிவிடுவார்கள். ஆக, ராத்திரிக்குக் கொடுக்கும் காசு மிதக்கிற லாட்ஜுக்கு. அதே தண்ணீரைப் பகலில் சிக்காரா படகில் மணிக்கணக்கில் பார்க்கலாம். அதைவிட மலிவு, கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் கோட்டயம்–ஆலப்புழை படகு. இரண்டரை மணி நேரம், டிக்கெட் டீ வடைக் காசு. கூடவே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்கறிக்காரம்மாவும் வருவார்கள், குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைவதையும் பார்க்கலாம். காரைக்குடி வழியாகப் போகிற எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு இரண்டு நாள், நேரே கோட்டயத்தில் இறங்கிக்கொள்ளலாம். அரசுப் படகென்றால் கண்ணை மூடி ஏறலாம் என்றும் சொல்லவில்லை. 2002 ஜூலையில் குமரகத்தில் 29 பேரோடு மூழ்கியது அந்தத் துறையின் படகுதான், பரீட்சை எழுதப் போன பிள்ளைகள் நிறைந்த படகு. தேக்கடியில் கவிழ்ந்ததும் அரசு நிறுவனத்தின் படகே. கூட்டமாக இருந்தால் அடுத்த படகுக்கு நிற்க வேண்டும். நிற்பதற்குக் காசு இல்லை.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்பார்கள். ஆமாம். 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது, பதிவு, ஆய்வுச் சான்றிதழ் எல்லாம் அதில் இருக்கிறது. அதிகாரி பார்க்காமல் விட்டால் அவனைக் கேட்க வேண்டும், தண்டிக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டு பேர் என்று சொன்ன படகுக்காரரை விட்டுவிட்டு, அட்ஜஸ்ட் பண்ணுகிறவரைத் தேடிப் பிடித்தது எந்த அதிகாரியும் இல்லை. நான். என் போனில் இருந்து.

ஷீட்டில் நான் போடாத வரிகள் வேறு உண்டு. வழிச் சாப்பாட்டில் மிச்சம் பிடிக்க சித்தியும் என் மனைவியும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பதினாறு பேருக்குப் புளியோதரை கிண்டினார்கள். அது எந்தக் கட்டத்திலும் இல்லை. படகில் சமைத்த பையன் எங்கே தூங்கினான் என்றும் யாரும் கேட்கவில்லை. அப்பத்தா மட்டும் காலையில் அவனிடம் "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர்க் கணக்கு முறையிலேயே இதற்கு மருந்து இருந்தது. நகரத்தார் கோயில் வரியில் 'புள்ளி' என்று ஒன்று உண்டு. தலை எண்ணுவதில்லை, கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. வரி புள்ளிக்கு. அப்படிப் பிரித்தால் இன்னும் இரண்டு குழந்தையை ஏற்றுவதால் எவனுடைய பங்கும் குறையாது. இன்னொன்று மகமை. தர்மத்துக்கான பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சக் கணக்கு, லாபம் வந்தால் பார்ப்போம் என்று தள்ளுவதில்லை என்று தாத்தா சொல்வார். படகு எத்தனை பேரைத் தாங்கும், ஜாக்கெட் எத்தனை, அதில் குழந்தை சைஸ் எத்தனை என்பதெல்லாம் மகமை வரிகள். அவற்றை எழுதிவிட்டு, பிறகு ரூபாய்க்கு வரலாம். தொகை கட்டுப்படியாகவில்லை என்றால் நாளைக் குறைக்கலாம், ஏசியைக் குறைக்கலாம், போகாமலே இருக்கலாம்.

போன வாரம் மாமா குரூப்பில் பிச்சாவரம் என்று ஆரம்பித்தார். சித்தப்பாவின் கேள்வி இந்தத் தடவை நான்கே நிமிஷத்தில் வந்தது. புது ஷீட் அனுப்பினேன். முதல் வரியில் படகு ஒன்றுக்கு எத்தனை பேர், இரண்டாவதில் ஜாக்கெட், மூன்றாவதில் குழந்தை ஜாக்கெட். ரூபாய் ஒன்பதாவது வரியில்தான் வருகிறது, தலை என்ற கட்டமே இல்லை. எல்லோரும் பார்த்துவிட்டதாக நீல டிக் காட்டுகிறது. யாரும் பதில் போடவில்லை. மகள் மட்டும் ஷீட்டைப் பார்த்துவிட்டு, மூன்றாவது வரியில் தன் பெயரையும் மச்சான் குழந்தையின் பெயரையும் எழுதச் சொன்னாள்.