மாலேகானின் மாட்டுவண்டியும் தென்காசியின் பாறைகளும்

ஒரு திரைக்கலைஞரைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அவருடைய பெருமை நிலைபெற்ற பின்னரே கேமராவைத் தூக்குகிறார்கள். பழைய புகைப்படங்கள், விருது மேடைகள், உடன் பணியாற்றியோரின் நெகிழ்ச்சியான நினைவுகள் என்று அவ்வகைப் படங்களுக்கு ஒரு வார்ப்பே உருவாகிவிட்டது. ஃபைஸா அகமது கான் இயக்கிய ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகான்’ (2008) அந்த வார்ப்புக்குள் அடங்காத படம். பெருமை எதுவும் வந்து சேராத காலத்தில், வேலை நடந்துகொண்டிருக்கும் இடத்திலேயே ஒரு கலைஞனைப் பார்க்கிறது. சுமார் ஒரு மணி நேரமே ஓடும் இப்படம் 2012-இல் இந்தியத் திரையரங்குகளுக்கும் வந்தது. ஆயினும் தமிழ்ச் சிற்றிதழ்ச் சூழலில் இதைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது நம் எண்ணம்.

மாலேகான், மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்திலுள்ள விசைத்தறி நகரம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். வாரம் முழுவதும் தறிச்சத்தத்திலும் பஞ்சுத்தூசியிலும் கழிகின்ற வாழ்க்கை, வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று சினிமா. 2006-லும் 2008-லும் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளால்தான் வெளியுலகம் இவ்வூரின் பெயரை அறிந்தது. செய்தித்தாள்களில் அச்சமூட்டும் பெயராக நின்றுவிட்ட ஊரைச் சிரிப்பின் வழியாக மனிதர்களின் ஊராக மீட்டுத் தருகிறது இந்த ஆவணப்படம்.

இதன் மைய மனிதர் நாசிர் ஷேக். வீடியோ பார்லர் நடத்தியவர். திருமணங்களை வீடியோவில் பிடித்த பழக்கம்தான் அவருடைய திரைப்படக் கல்லூரி. 2000-இல் ‘ஷோலே’யைத் தம் ஊர் மனிதர்களைக் கொண்டு ‘மாலேகான் கே ஷோலே’ என்று எடுத்தார். செலவு ஏறத்தாழ 50,000 ரூபாய் என்பார்கள். கொள்ளையர்கள் குதிரைகளுக்குப் பதிலாக மிதிவண்டிகளில் வந்தார்கள். ஊர் திரண்டு பார்த்தது. ஆவணப்படம் தொடங்கும்போது அவர் சூப்பர்மேனைக் கையில் எடுத்திருக்கிறார்.

சூப்பர்மேனாக நடிப்பவர் ஷஃபீக், ஒடிசலான தறித்தொழிலாளி. காலில் ரப்பர் செருப்பு; நாடா தொங்கும் அரைக்கால் சட்டை. உலகைக் காக்க வந்த அந்த வீரனுக்கே ஊரின் தூசியால் மூச்சு வாங்குகிறது. பச்சைத் துணியைத் திரையாகக் கட்டி, ஆளைத் தாங்கிப் பிடித்து அவரைப் பறக்க வைக்கிறார்கள். மாட்டுவண்டி கிரேனாகிறது, மிதிவண்டி ட்ராலியாகிறது. இருக்கும் ஒரே கேமரா தண்ணீரில் விழுந்துவிடும் இடத்தில் நமக்கும் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடுகிறது. ஷஃபீக்குக்குப் படப்பிடிப்பின் நடுவிலேயே திருமணமும் நடந்தேறுகிறது. எழுத்தாளர் ஃபரோக் ஜாஃப்ரி மும்பைக் கனவை ஆண்டுக்கணக்காகச் சுமந்துகொண்டு, உள்ளூர்ப் படங்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருக்கிறார். படத்தின் துயரம் முழுவதும் அவருடைய முகத்தில் தேங்கியிருக்கிறது.

எங்கள் மாணவர்களுக்கு இப்படத்தைத் திரையிட்டபோது முதல் பதினைந்து நிமிடங்கள் அரங்கம் சிரிப்பால் நிறைந்தது. பிறகு சிரிப்பின் தன்மை மாறிற்று. முதலில் அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள், பின்னர் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்கள். இந்த மாற்றத்தை நிகழ்த்துவதுதான் ஃபைஸாவின் சாதனை. தம் மனிதர்களை அவர் பரிதாபப் பொருளாக்கவில்லை; மேதைகள் என்று தூக்கி நிறுத்தவுமில்லை. ஒரு காட்சி சரியாக அமைய வேண்டும் என்று நாசிர் படும் பாட்டை, எந்தப் பெரிய இயக்குநரின் பாட்டுக்கும் குறையாத மரியாதையுடன் அருகிருந்து பார்க்கிறார். அந்த மரியாதை மெல்ல நமக்கும் தொற்றிக்கொள்கிறது.

“இவையெல்லாம் வெறும் நகல்தாமே, இதில் கலை எங்கே?” என்று கேட்போர் உண்டு. தமிழ் படித்தவர்கள் இக்கேள்வியைக் கேட்பது வியப்புக்குரியது. முதல் நூலுக்கு அடுத்தபடியாக வழி நூலுக்கு இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. வழி நூலின் வகைகளுள் மொழிபெயர்த்து ஆக்குவதையும் ஒன்றாகத் தொல்காப்பியம் வைக்கிறது. கம்பன் வான்மீகியின் வழியில் வந்தவன்தான். இந்த ஊர்ப்பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமானால், தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை எண்ணிப் பார்க்கலாம். பாட்டுடைத் தலைவன் உலா வருவதும், கண்ட பெண் காதல் நோயுறுவதும் அவருக்கு முன்பே தேய்ந்துபோன மரபுகள். அந்த மரபுக்குள் குறத்தியும், பறவை பிடிக்கும் சிங்கனும், குற்றால மலையின் வளமும் நுழைந்தபோது நூல் இந்த மண்ணின் சொத்தாயிற்று. வடிவம் கடனாக வந்தது. உயிர் இங்கேயே இருந்தது. நாசிரின் சூப்பர்மேனும் அவ்வாறே. பறப்பது அமெரிக்கக் கதை. மூச்சு வாங்குவது மாலேகான். இரண்டையும் தரத்தால் ஒப்பிடவில்லை. கடன் வாங்குதல் என்னும் செயல் இரண்டிலும் ஒன்றே என்கிறோம்.

2025-இல் ரீமா காக்தியின் ‘சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்’ வெளிவந்தது. நாசிரின் வாழ்க்கையைத் தழுவிய கதைப்படம். ஆதர்ஷ் கௌரவ் நாசிராக நடித்தார். நல்ல நடிப்பும் உண்மையான பரிவும் கொண்ட படம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஆவணப்படத்தின் அருமை விளங்கும். கதைப்படம் நட்பு, பிரிவு, நோய், மறுகூடல் என்று நிகழ்வுகளை ஏணிப்படிகளாக அடுக்கி நம்மைக் கண்ணீருக்கு அழைத்துச் செல்கிறது. உண்மையில் ஷஃபீக் 2011-இல் புற்றுநோயால் மறைந்தார். ஆவணப்படத்தில் அவர் புதுமாப்பிள்ளையாக, வெட்கச் சிரிப்போடு, பறப்பதற்குத் தயாராக இருக்கிறார். அவருடைய முடிவை அறிந்த நாம் பார்க்கும்போது, படம் வற்புறுத்தாமலே மனம் கனத்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. இது முழுக்க ஆண்களின் சினிமா. எடுப்பவர்கள், நடிப்பவர்கள், பார்ப்பவர்கள் யாவரும் ஆண்கள். ஊர்ப்பெண்கள் நடிக்க முன்வருவதில்லை. நடிகையை வெளியூரிலிருந்துதான் அழைத்து வர வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு நாள் கனவு காணும் உரிமை அந்த ஊரில் பாதிப்பேருக்கு இல்லை. ஆவணப்படம் இதைத் தொட்டுக்காட்டியதோடு நகர்ந்துவிடுகிறது. ஒரு பெண் இயக்குநர் இன்னும் சற்று நேரம் அங்கே நின்றிருக்கலாம்.

மாலேகான் நமக்குத் தொலைவான ஊர். ஆனால் அந்தச் சத்தம் தொலைவானதன்று. சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் ஓடுகின்றன. கடையநல்லூரில் நெசவு தலைமுறைகளின் தொழில். அந்த வீதிகளிலிருந்து ஒரு நாசிர் ஏன் வரவில்லை என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். சினிமா இங்கே வராமல் இல்லை. குற்றாலத்து அருவிகளும் தென்காசியின் வயல்வெளிகளும் எத்தனையோ பாடல்களுக்குப் பின்னணியாக நின்றிருக்கின்றன. ‘ரோஜா’வின் (1992) நாயகி கதைப்படி சுந்தரபாண்டியபுரத்துப் பெண். ‘அந்நியன்’ (2005) படத்தின் ஒரு பாடலுக்காக அவ்வூரை அடுத்த பாறைகளில் நடிகர்களின் முகங்களைத் தீட்டினார்கள். படக்குழு போய்விட்டது, பாறைக்கு ‘அந்நியன் பாறை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம் மண்ணில் கிடக்கும் பாறைக்கு நாமே அந்நியன் என்று பெயர் சொல்லி, வெளியூர் விருந்தினரை அழைத்துப்போய்க் காட்டுகிறோம். இதைவிடப் பொருத்தமான குறியீட்டை எந்தக் கவிஞரும் நமக்குத் தந்துவிட முடியாது.

பணம் இல்லை என்பது இனிமேல் காரணமாகாது. நாசிருக்குக் கிடைத்த கேமராவைவிடத் திறன்மிக்கது இன்று எங்கள் மாணவர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்கிறது. அவர்கள் எடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் எடுப்பது, எங்கோ இருக்கும் முகம் தெரியாத பார்வையாளருக்காக, முப்பது விநாடிக்குள் அடங்குமாறு. நாசிரின் படத்தை முதலில் பார்த்தவர்கள் அவருடைய தெருக்காரர்கள். பிடிக்காவிட்டால் மறுநாள் தேநீர்க்கடையில் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். கலைஞனுக்கு அந்தப் பயம் வேண்டும். அந்தப் பயம்தான் அவனை மறுபடியும் மறுபடியும் காட்சியைச் சரிசெய்ய வைக்கிறது.

மறுமுனைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுத, ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977) தேசிய விருது பெற்றது. நம்மிடையே அது இன்றும் பெயராகப் போற்றப்படுகிறது. பார்த்தவர் எண்ணிக்கை சொற்பம். அதே ஜான் பின்னர் ஒடேசா குழுவினரோடு மக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி ‘அம்ம அறியான்’ (1986) எடுத்து, அதை மக்களிடமே கொண்டுசென்றார். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அந்த முன்மாதிரி மலைக்கு அந்தப்புறம்தான் இருக்கிறது.

சீசன் காலத்துக் குற்றாலம் இலக்கியம் பேசிய இடம். ரசிகமணி டி.கே.சி. கம்பனைச் சுவைத்துக் காட்டிய ஊர். கலாப்ரியா கவிஞர்களைக் கூட்டிவைத்த ஊர். அத்தகைய கூடுகைகளில் இனி ஒரு மாலைப்பொழுதையாவது உள்ளூர்ப் படங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. முதலில் மாலேகான் ஆவணப்படத்தைத் திரையிடலாம். அடுத்த ஆண்டு கடையநல்லூர்ப் பையன் ஒருவன், முடிந்தால் பெண் ஒருத்தி, எடுத்த படம் வரட்டும். ஆட்டம் காணும் காட்சிகளோடும் பிசிறடிக்கும் ஒலியோடும்தான் வரும். நாம் செய்ய வேண்டியது, அருகில் அமர்ந்து முழுவதும் பார்ப்பதும், பிறகு உள்ளதை உள்ளபடி சொல்வதும்தான்.