சிறுதேரும் சிறு புகையிரதமும்

சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் வேற்றுமை இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கில் இருந்த மாணவனொருவன் மேசைக்கடியில் எதையோ மறைத்தான். வாங்கிப் பார்த்தேன், மட்டையாற் செய்த புகையிரதப் பெட்டி. "சாதாரண தரப் பரீட்சைக்கு இதிலிருந்தா வினா வரும்?" எனக் கடிந்து, அதனை என் மேசை லாச்சியில் இட்டுப் பூட்டினேன். மாலையில் எடுத்து நோக்கியபோதுதான் யன்னல்கள் யாவும் அளந்து வெட்டப்பட்டிருந்தமையைக் கண்டேன். அடிப்புறத்தில் பென்சிலால் கணக்கும் போட்டிருந்தான். பிழை என்னுடையதே. மறுநாட் காலை அதனை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மாதிரிப் புகையிரதம் அமைத்தல் மேனாட்டார் பொழுதுபோக்கு, நமக்கு ஒவ்வாதது என்பாருளர். அவர்கள் குறுந்தொகையின் 61ஆம் பாடலை நினைத்தல் வேண்டும். தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்தே சிறுவர் இன்புறுவர் என்று ஆங்கே தும்பிசேர் கீரனார் உவமை கூறுகின்றார். ஆண்பாற் பிள்ளைத்தமிழிலோ சிறுதேருக்கென்றே ஒரு பருவம் வகுக்கப்பட்டுள்ளது. பெரியதைச் சிறிதாக்கி மகிழும் உள்ளம் தமிழர்க்குப் புதிதன்று.

இனி, இது செல்வர்க்கே உரியது என்னும் தடை. கடையில் விலைகொடுத்து வாங்குவதிலிருந்து தொடங்கினால் அக்கூற்று மெய்யே. அளவிலிருந்து தொடங்குக என்பதே என் கருத்து.

உலகில் பெரிதும் வழங்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். 1435 மில்லிமீற்றர் அகலமுள்ள பாதையை 87இல் ஒரு பங்காக்கியதால் வந்தது அது. நம் நாட்டுப் பாதையோ 1676 மில்லிமீற்றர், அதாவது ஐந்தடி ஆறங்குலம். இதனை நூறில் ஒரு பங்காக்கினால் 16.76 மில்லிமீற்றர் ஆகும். கால் மில்லிமீற்றர் வேறுபாட்டைக் கண் அறியாது. ஆகவே, அதே தண்டவாளம் நம் பாதைக்குப் பொருந்திவிடுகின்றது! நூறில் ஒரு பங்கு என்பது மாணவர்க்கு மிக எளிய கணக்குமாகும். இருபது மீற்றர் பெட்டி இருபது சென்ரிமீற்றர். வெளிநாட்டு வண்டிகளின் மேற்கூடு இந்த அளவுக்குப் பெரிதாயிருக்கும். ஆதலின் மோட்டரும் சில்லும் உள்ள அடிப்பாகத்தை மட்டும் கொண்டு, மேற்கூட்டை மட்டையால் நாமே செய்தல் வேண்டும்.

அடுத்து, எதனைச் செய்வது? ஒரு கிலோமீற்றர் பாதை மாதிரியிற் பத்து மீற்றர் ஆகுமாதலால், முழுப் பாதைக்கும் ஆசைப்படலாகாது. ஒரு நிலையம் போதும். எம் மாத்தளையையே கொள்க. 1880இல் திறக்கப்பட்ட இக்கிளைப் பாதை வத்தேகம, உக்குவளை வழியாக வந்து இங்கே முடிகின்றது. பாதை முடியுமிடத்தில், வண்டியை இழுத்து வந்த எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதையாற் கொண்டுபோய் மறுமுனையிற் பூட்டுதல் வேண்டும். சிறு பலகையிலும் ஓயாது வேலை தரும் அமைப்பு அது.

நிலையத்தை மேடையில் நின்று, அதிபரின் அனுமதியோடு அளந்திடுக, தண்டவாளத்தில் இறங்கலாகாது. பழைய எஞ்சின்களைக் காண, 2014இல் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட புகையிரத அருங்காட்சியகம் உண்டு. முதலில் நிலையக் கட்டடம், பின்னர் ஒரு பெட்டி, அதன்பின் தண்டவாளம், ஈற்றிலேயே 12 வோல்ற் மின்சாரம் என்பது சிக்கனமான வரிசை.

அளக்கும் மாணவன் வினவவும் தொடங்குவான். சரக்குப் பெட்டிகள் எதனை ஏற்றின? கோப்பிக்காகத் தோட்டங்கள் எழுந்த இம்மலையில் கோப்பி ஏன் அழிந்தது? பாதை வருமுன் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த நம் முன்னோர் பட்ட பாடு யாது? பரீட்சைக்காகப் படித்து மறுநாளே மறக்கும் வரலாறு, அவன் கைவழியே நெஞ்சிற் புகும்.

பெற்றோரே, ஆசிரியரே, பிள்ளையின் கையில் மட்டையும் அடிமட்டமும் கண்டால் பறித்துவிடாதீர்கள். நான் பறித்தது ஓரிரவுக்கு மட்டுமே. ஆயினும், அம்மாணவன் அதன்பின் எதனையும் வகுப்புக்குக் கொண்டுவரவில்லை.