வரமாக வந்த பிள்ளை

தென்காசியில் இருந்து ஏறத்தாழ 6 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது ஆய்க்குடி. மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. சுற்றிலும் வயல்கள். ஊரை ஒட்டி அனுமன் நதி ஓடுகிறது. அந்த நதிக்கரையில்தான் பாலசுப்பிரமணிய சுவாமி கோவில் இருக்கிறது.

இந்த வட்டாரமே முருகன் வட்டாரம். பண்பொழியில் மலைமேல் திருமலைக்குமாரசாமி. இலஞ்சியில் இலஞ்சிக்குமாரர். ஆய்க்குடியில் பாலசுப்பிரமணியர். குற்றால அருவியில் குளிக்க வருகிறவர்களில் பலர் இந்தக் கோவில்களையும் கும்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள்.

நதிக்கு ஒரு கதை சொல்லுகிறார்கள். சீதையைத் தேடி வந்த ராமருக்குத் தாகம் எடுத்ததாம். உடனே அனுமன் இங்கே தண்ணீரை வரவழைத்தாராம். அதனால் அது அனுமன் நதி ஆயிற்று என்பது ஐதீகம். கோவிலுக்கும் ஒரு கதை உண்டு. பக்கத்தில் உள்ள மல்லபுரம் குளத்தில் தூர் வாரியபோது முருகன் சிலை கிடைத்தது என்றும், பக்தர் ஒருவர் அதை எடுத்து வைத்துப் பூசை செய்தார் என்றும் சொல்லுகிறார்கள்.

இங்கே முருகன் குழந்தை. அதனால் குழந்தை இல்லாதவர்கள் இந்தக் கோவிலைத் தேடி வருகிறார்கள்.

படிப்பாயசம்

ஆய்க்குடியின் சிறப்பான நேர்த்திக்கடன் படிப்பாயசம். வேறு கோவில்களில் பிரசாதத்தை இலையிலோ தொன்னையிலோ கொடுப்பார்கள். இங்கே அப்படி இல்லை. பாயசம் காய்ச்சி, முருகனுக்குப் படைத்து, அனுமன் நதிக்கு எடுத்துப் போகிறார்கள். நதியின் படிகளைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். கழுவிய படியில் பாயசத்தை ஊற்றுகிறார்கள். ஊரில் உள்ள சிறு பிள்ளைகள் வந்து, படியில் உட்கார்ந்து, கையால் வழித்துச் சாப்பிடுகிறார்கள்.

பிள்ளை வரம் கேட்டவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். சாப்பிடும் பிள்ளைகளோடு பிள்ளையாக முருகனும் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. எந்தப் பிள்ளை முருகன் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லாப் பிள்ளைகளும் முருகன்தான்.

இந்த வழக்கத்தில் பெரிய கருத்து ஒன்று அடங்கி இருக்கிறது. கேட்பது தன் வீட்டுக்கு ஒரு பிள்ளை. வயிறு நிறைவது அயல் வீட்டுப் பிள்ளைகளுக்கு. ஊர்ப் பிள்ளைகளை முருகனாக நினைக்கத் தெரிந்தவருக்குத்தான் தன் பிள்ளையை வளர்க்கும் தகுதி வருகிறது.

ஆனால், படியை விட்டு ஏறி வீடு திரும்பியதும் இந்தக் கருத்து மறந்துபோகிறது.

யார் செய்த பாவம்?

தவம் இருந்து பெற்ற பிள்ளைக்குக் கால் வளைந்திருக்கிறது. அல்லது காது கேட்கவில்லை. அல்லது ஒரு வயது ஆகியும் தலை நிற்கவில்லை. உடனே வீட்டில் என்ன பேசுகிறார்கள்? 'யார் செய்த பாவமோ' என்கிறார்கள். பெற்றவளைக் குறை சொல்லுகிறார்கள். அவள் அடியெடுத்து வைத்த வேளை சரி இல்லை என்கிறார்கள். விருந்தாளி வந்தால் பிள்ளையை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். கலியாணத்துக்குக் கூட்டிப் போவது இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது இல்லை.

வரம் என்று கேட்டு வாங்கியதை, வந்த பிறகு சாபம் என்று சொல்லுவது என்ன நியாயம்?

இது பாவமும் இல்லை, சாபமும் இல்லை. அதற்கு இளம்பிள்ளை வாதமே சாட்சி. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இந்த நோயால் கால் சூம்பிய பிள்ளைகள் இருந்தார்கள். அதையும் முன்வினை என்றுதான் சொன்னார்கள். பிறகு சொட்டு மருந்து வந்தது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாயில் இரண்டு சொட்டு விட்டார்கள். 2011-ம் ஆண்டு ஜனவரிக்குப் பிறகு காட்டு வைரசால் வரும் இளம்பிள்ளை வாதம் இந்தியாவில் ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. 2014-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி, போலியோ இல்லாத நாடு என்று இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது.

முன்வினையால் வந்த நோய் என்றால் இரண்டு சொட்டு மருந்துக்கு அது எப்படிப் பயந்து ஓடும்? அது கிருமியால் வந்த நோய். மருந்தால் போய்விட்டது. அவ்வளவுதான்.

அதே ஊரில் ஒரு சேவை

இந்தப் பாடத்தைப் படிக்க வேறு எங்கும் போகவேண்டாம். படிப்பாயசம் ஊற்றும் அதே ஆய்க்குடியில்தான் அமர் சேவா சங்கம் இருக்கிறது.

அதைத் தொடங்கியவர் எஸ்.ராமகிருஷ்ணன். என்ஜினீயரிங் மாணவர். கடற்படை அதிகாரி ஆக ஆசைப்பட்டார். 1975-ம் ஆண்டு தேர்வுக்குப் போனார். உடல் திறன் சோதனையின்போது கீழே விழுந்து, கழுத்தில் முதுகுத் தண்டு அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயல் இழந்தது. அப்போது அவர் வாலிபர்.

ராணுவ ஆஸ்பத்திரியில் அவருக்குச் சிகிச்சை செய்து தைரியம் சொன்னவர், டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். ஊருக்குத் திரும்பிய ராமகிருஷ்ணன் மூலையில் முடங்கவில்லை. 1981-ம் ஆண்டை ஊனமுற்றோர் ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்து இருந்தது. அந்த ஆண்டிலேயே ஆய்க்குடியில் சேவையைத் தொடங்கினார். டாக்டரின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். சிறு பள்ளிக்கூடமாகத் தொடங்கியது, பின்பு மருத்துவப் பயிற்சி, தொழிற் பயிற்சி, விடுதி என்று வளர்ந்தது. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழும் ஆடிட்டர் எஸ்.சங்கரராமன் அவருடன் தோள் கொடுத்தார். 2020-ம் ஆண்டில் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கை கால் அசையாதவர் ஒருவர், நடக்க முடியாத எத்தனையோ பிள்ளைகளை நிமிர வைத்தார். ஆய்க்குடிக்கு வரும் பக்தர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

காலம் பொன் போன்றது

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் காலம்தான் முக்கியம். வளைந்த பாதத்தைப் பிறந்த சில வாரங்களிலேயே மாவுக்கட்டுப் போட்டுச் சிறிது சிறிதாக நேராக்கத் தொடங்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாக நடப்பார்கள். காது கேளாத பிள்ளைக்கு முதல் வயதிலேயே கருவி பொருத்திப் பயிற்சி கொடுத்தால் பேச்சு வர வழி உண்டு. மூளை வேகமாக வளருவது முதல் சில ஆண்டுகளில்தான். 'தானாகச் சரியாகும்' என்று ஐந்து வயது வரை காத்திருந்தால், கை நழுவிய காலம் திரும்பி வராது.

நேர்ந்துகொள்வதை யாரும் தடுக்கவில்லை. அது மனதுக்குத் தெம்பு. ஆனால் கோவிலுக்குப் போன காலோடு ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டும். டாக்டரிடம் காட்டினால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிள்ளை இல்லாத வீட்டிலும் இதே பேச்சுதான். மனைவியை மட்டும் குறை சொல்லுகிறார்கள். பிள்ளை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் கணவனிடத்திலும் குறை இருக்கக்கூடும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. கோவிலுக்கு இருவரும் சேர்ந்து வருகிறார்கள். டாக்டரிடமும் இருவரும் சேர்ந்து போகட்டும்.

சட்டம் துணை நிற்கிறது

2011-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். இத்தனை பேரையும் உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்த முடியுமா?

2016-ம் ஆண்டு நிறைவேறிய சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்திருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அரசு வேலையில் 4 சதவீத இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே போய் அடையாள அட்டை வாங்குவது முதல் வேலை. கேட்டால்தான் கிடைக்கும். வீட்டுக்குள் ஒளித்து வைத்த பிள்ளைக்கு எந்தச் சட்டமும் உதவாது.

வள்ளலின் பெயர் தாங்கிய ஊர்

சங்க காலத்தில் பொதிகை மலைச் சாரலை ஆண்ட வள்ளல் ஆய் அண்டிரன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் இருந்த ஊர் ஆய்குடி என்று புறநானூறு சொல்லுகிறது. அந்த ஊரே இன்றைய ஆய்க்குடி என்று பலர் கருதுகிறார்கள்.

ஆயைப் புகழ்ந்து நிறையப் பாடிய புலவர், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். அவர் கால் ஊனமானவர் என்பதைப் பெயரே காட்டுகிறது. அதற்காக ஆய் அவரை வாசலில் நிறுத்தவில்லை. சபையில் வைத்துக் கொண்டாடினான். மறுபிறவியில் பலன் வரும் என்று கணக்குப் பார்த்துத் தருமம் செய்கிற வியாபாரி அல்ல ஆய் என்று அந்தப் புலவர் அவனைப் பாராட்டினார்.

ஆய் செய்தது பெரிய காரியம். இன்று குடும்பங்கள் செய்யவேண்டியது சிறிய காரியம்தான். உள் அறைக் கதவைத் திறக்கவேண்டும். பிள்ளையைத் திருவிழாவுக்குத் தூக்கி வரவேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டாமல், தங்கள் பிள்ளைகளை அந்தப் பிள்ளையோடு விளையாட அனுப்பவேண்டும். கோவில்களும் தங்கள் பங்குக்குச் சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பாதை போட்டுத் தரவேண்டும்.

முருகன் எந்தப் பிள்ளையின் உருவில் வருவார் என்று யாருக்கும் தெரியாது. நடக்கும் பிள்ளையாக மட்டும்தான் வருவார் என்று யாரும் சொல்லவில்லை.